நான் பாடியும் தூங்கிய குழந்தை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் வணக்கம். போன வாரம் நம் காது டெஸ்ட் சென்டர் மேடம் போன் செய்தார். "தாமு அண்ணா, நீங்க ரிடையர் ஆனதுலேருந்து இங்க ஒரு குழந்தையும் ஒழுங்கா தூங்க மாட்டேங்குது. புதுசா வந்தவங்களுக்கு ஏதாவது சொல்லிக் குடுங்களேன்" என்றார். நேரில் வந்து பேசலாம்தான். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் குழறும். பாதிப் பேச்சில், வீட்டில் கேஸை மூடினேனா என்ற நினைப்பு வந்துவிடும். அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருக்க, நான் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடியிருப்பேன். அதனால் எழுதித் தருகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நெற்றியைத் துடைப்பது, ஜெல் தடவுவது, காதுக்குப் பின்னால் ஒயர் ஒட்டுவது எல்லாம் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது வாயைப் பற்றி.

கைக்குழந்தையிடம் "சத்தம் கேட்டால் கையைத் தூக்கு" என்று சொல்ல முடியாது. அதனால்தான் நம் மயிலாப்பூர் சென்டரில் 'பேரா' டெஸ்ட் எடுக்கிறோம். குழந்தை தூங்கும்போது காதுக்குள் சத்தம் அனுப்பினால், காது நரம்பு பதில் சொல்கிறதா இல்லையா என்று மெஷின் கோடு போட்டுக் காட்டும். குழந்தை அசைந்தால் கோடு கெட்டுப்போகும். ஆகவே டெஸ்டுக்கு முன்னால் குழந்தையைத் தூங்க வைக்க ஓர் ஆள் வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஆள் நான்தான்.

அதற்கு முன்னால் மந்தைவெளி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று ஆள் ஏற்றுவதற்காக ஊர்ப் பேர் கத்திக்கொண்டிருந்தேன். குரல் அங்கேயே போய்விட்டது. தகர டப்பாவைத் தார் ரோட்டில் இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குரல். இந்தக் குரலோடு என்னைக் குழந்தை தூங்க வைக்கிற வேலைக்கு எடுத்தது மேடத்தின் துணிச்சல். "உங்களுக்குத் தோள் அகலம். அது போதும். வாயைத் திறக்காதீங்க" என்றுதான் முதல் நாளே சொன்னார்.

ஆனால் நான் பயந்தாங்கொள்ளி. குழந்தையைத் தோளில் போட்டால் மூச்சு வருகிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அதன் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். தூங்குமா, தூங்காதா, தூங்கினால் எழுந்துவிடுமா என்று பயந்துகொண்டே இருப்பேன். பயம் வந்தால் எனக்குப் பாட்டு வரும். பாட்டு என்று ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பழைய வேலைதான். "மந்தவெளி... அடையாறு... திருவான்மியூர்..." என்று ராகம் போட்டு இழுப்பேன். குழந்தை வீறிட்டு அழும். அழுது களைத்துத் தூங்கும்.

ரிசப்ஷனில் இருக்கும் ஷகிலாவை உங்களுக்குத் தெரியும். அவள் வாய் அப்போதும் இப்படித்தான். "அது தூக்கம் இல்லண்ணா, மயக்கம். மூஞ்சில தண்ணி தெளிச்சுப் பாரு" என்பாள்.

சில வருஷத்துக்கு முன் ஒரு காலையில் சுமதி வந்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். தி.நகரில் ஜவுளிக்கடையில் வேலை. மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்ட கடை யூனிஃபார்ம் சேலையோடு, டெஸ்ட் முடிந்ததும் அப்படியே வேலைக்கு ஓடத் தயாராக வந்திருந்தாள். இடுப்பில் பையன் கவின். ஒன்றேகால் வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவள் வீட்டுப் பக்கத்து டாக்டர் எங்களிடம் அனுப்பியிருந்தார்.

பையன் ஹாலுக்குள் வந்ததும் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். மொட்டைத் தலை, சந்தனம், நடுவில் இரண்டு கண். அந்தக் கண் கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. மழை விட்ட வானம் மாதிரி வெளிர் நீலம். வரிசையில் உட்கார்ந்திருந்த மயிலாப்பூர் மாமி ஒருத்தர், "கண்ணைப் பாருங்கோ, கண்ணாடிக் கோலி மாதிரி! எங்காத்துல யாருக்கும் இப்படி ஒரு கண் வாய்க்கலையே" என்று கொஞ்சினார். சுமதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையன் நெற்றியில் இருந்த திருஷ்டிப் பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

அந்தப் பொட்டை அடுத்த நிமிஷம் நான் துடைக்க வேண்டும். துடைத்தேன். நெற்றி நடுவில் ஒரு ரூபாய் அளவு தோல் மட்டும் வெளுத்திருந்தது. சந்தனம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து மறுபடி துடைத்தேன். போகவில்லை.

"முதல் மொட்டையாம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவதுண்ணா. மூணாவதும் வேண்டிக்கினு கீறோம்."

"எதுக்கு மூணு?"

சுமதி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அவளுக்கு இடது பக்கம் நின்று, பால் கொடுத்தாயா, தலைக்குக் குளிப்பாட்டினாயா என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. நம்மிடம் பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், என் கண் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் நானே ஓர் அர்த்தம் சொல்லி மூடி வைத்திருக்கிறேன். வெளுப்பா, சந்தனம். மொட்டையா, வேண்டுதல். பதில் இல்லையா, திமிர்.

கவினைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் நடந்தேன். வெளியே மெட்ரோவுக்காக ரோட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்தச் சத்தத்தில் எங்கே தூங்கப் போகிறான் என்று பயந்தேன். பாட்டு வந்துவிட்டது. "மந்தவெளி... அடையாறு..." என்று ஆரம்பித்தேன். பையன் அழவில்லை. கன்னத்தை என் நெஞ்சில் அழுத்தி வைத்தான். வாயைச் சப்பினான். நான் திருவான்மியூர் போய்ச் சேருவதற்குள் தூங்கிவிட்டான்.

என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிசப்ஷனுக்குப் போய் ஷகிலாவிடம் காட்டினேன்.

"அட! நெஜமாவே தூங்குறானே! மூச்சு கீதா பாருண்ணா" என்றாள். அதை ஏற்கெனவே நாலு தடவை பார்த்திருந்தேன்.

ஆனால் அன்றைக்கு மெஷின் சரியில்லை. கோடெல்லாம் தாறுமாறாக ஓடியது. மேடம் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, மறுநாள் வரச் சொன்னார். அடுத்த குழந்தையைப் பார்க்க அவர் உள்ளே போய்விட்டார். சுமதி என் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கும் பர்மிசன் கேட்டா சூப்பர்வைசர் வேலைக்கே வர வாணாம்னுடுவாருண்ணா. நீ எத்தினி கொழந்தைய பாத்திருப்ப. நீயே சொல்லு. இவனுக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. என்னைப் போலவே பயந்த ஜீவன். பயந்தவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. எதையாவது சொல்லி அந்தப் பயத்தை நிறுத்த வேண்டும் என்று தோன்றும். சொன்னேன்.

"நான் பாடினேன், அவன் தூங்கினான். கேக்காமலா தூங்குவான்?"

அவள் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "நீ நல்லா இருப்பண்ணா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மேடம் கேட்டார். "அந்த நீலக்கண்ணுப் பையன் எங்க?"

மறைத்து வைக்க எனக்குத் தைரியம் கிடையாது. நடந்ததைச் சொன்னேன். மேடம் திட்டுவார் என்று பார்த்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, நீங்க பாடி இதுவரைக்கும் எத்தனை குழந்தை தூங்கியிருக்கு?"

"அழாமத் தூங்கினதா மேடம்? ஒண்ணும் இல்ல."

"அப்ப இவன் மட்டும் ஏன் தூங்கினான்?"

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் முடிவு தெரியாது" என்றார் மேடம். "டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். ஆனா கேக்கலைன்னா, பேச்சு கத்துக்குற வயசு இப்ப ஓடிக்கிட்டிருக்கு. இப்பவே தெரிஞ்சா ஆபரேஷன் வரைக்கும் போய் அவனைப் பேச வைக்கலாம். அஞ்சு வயசுல தூக்கிக்கிட்டு வந்தா நான் என்ன செய்வேன் சொல்லுங்க?"

திட்டியிருந்தால் தேவலை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ஒரு பையனின் பேச்சையே எடுத்துக்கொண்டு போய்விடுமோ என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சுமதி பதிவு செய்த கார்டில் இருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. முகவரி அடையாறு ஆற்றோரம். வேலை முடிந்து போனேன். வீடுகள் இருந்த இடத்தில் வெறும் மண்ணும் உடைந்த செங்கல்லும். எதிரில் டீக்கடைக்காரர், "வூட்ட இடிச்சிட்டு அல்லாரையும் அப்பவே பெரும்பாக்கம் அனுப்ச்சிட்டாங்க நைனா. அங்க எந்த பிளாக்கு, எந்த மாடின்னு எனுக்கு எப்டித் தெரியும்?" என்றார். பெரும்பாக்கத்தில் வரிசை வரிசையாக அடுக்குமாடி. பேரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது?

வழி சொன்னது ஷகிலாதான். "அன்னிக்கு அவ இன்னா பொடவை கட்டிக்கினு வந்தா?"

"மாம்பழக் கலர். பச்சைக் கரை."

"பனகல் பார்க்காண்ட கீதே, அஞ்சு மாடிக் கடை, அங்க போ" என்றாள் உடனே. தி.நகரில் எந்தக் கடைப் பெண்கள் எந்த நிறம் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

வார லீவு அன்று போனேன். அங்கே போய்ச் சுமதியின் குழந்தை விஷயம் என்று யாரிடம் சொல்வது? ஒரு குழந்தையின் டெஸ்ட் விஷயத்தைக் கடையில் போட்டு உடைக்கக் கூடாது. அதனால் புடவை வாங்க வந்தவன் மாதிரி ஒவ்வொரு மாடியாக ஏறினேன். மூன்றாவது மாடியில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மாதிரி பாக்குறீங்கண்ணா?"

"சும்மா... பாக்கத்தான்."

பத்து நிமிஷத்தில் என் முன்னால் புடவை மலை குவிந்துவிட்டது.

"அண்ணிக்கு இன்னா கலரு புடிக்கும்?"

"நான் வாங்கிட்டுப் போற எதுவும் அவளுக்குப் பிடிக்காது."

"அப்ப இத்த எடுத்துக்கோண்ணா. எப்டியும் திட்டு வாங்கப் போற, நல்ல பொடவைக்கு வாங்கிட்டுப் போ!"

அப்போதுதான் கவுண்டரின் கடைசியில் சுமதியைப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாலடி தூரம்தான். "சுமதிம்மா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை. என் குரலுக்கு ஐந்தாவது மாடியில் இருப்பவர்களே திரும்பியிருப்பார்கள். அவள் திரும்பவில்லை.

"அண்ணா, இந்த இரைச்சல்ல அந்தப் பக்கம் நின்னு கூப்ட்டா அவளுக்கு ஏறாது" என்றாள் புடவை காட்டிய பெண். "எடது காது சின்ன வயசுலேந்தே டல்லு. வலது பக்கம் போ."

அன்றைக்குப் பதில் சொல்லவில்லையே, அது திமிர் இல்லை. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். அவள் குனிந்திருந்தாள். முன்நெற்றி வகிட்டில் மருதாணிச் சிவப்பு. சிவப்புக்கு அடியில், புதிதாக முளைத்த இடத்தில், விரல் அகலத்துக்கு முடி பஞ்சு மாதிரி வெள்ளை.

"அண்ணா! நீயா? அண்ணிக்குப் பொடவையா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டு நேரம். மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். புடவை காட்டிய பெண்ணும் கூடவே வந்து உட்கார்ந்தாள். "இவளுக்குத் தெரியாதது எங்கிட்ட எதுவும் இல்லண்ணா, சும்மா சொல்லு" என்றாள் சுமதி.

"நாளைக்கு டெஸ்டுக்கு வாம்மா."

"இன்னாத்துக்கு? நீதான கேக்கும்னு சொன்ன? எங்க வூட்டுக்காரராண்ட, மாமியாராண்ட, அல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"நான் சொன்னது தப்பு."

எடுத்த கவளத்தை டிபன் பாக்ஸிலேயே போட்டாள். "அன்னிக்கு ஒண்ணு சொன்ன. இன்னிக்கு வந்து ஒண்ணு சொல்ற. நான் எத்த நம்புறது?"

நியாயமான கேள்வி. அவளே மெதுவாகச் சொன்னாள். "உனுக்குத் தெரியாதுண்ணா. பொறந்தப்பவே அவனுக்கு முன்னால ஒரு கத்தை வெள்ள முடி. மாமியார் வூட்ல 'உன் வகையறா சொத்து'ன்னாங்க. ரெண்டு மொட்டை போட்டாச்சு, திரும்பத் திரும்ப வெள்ளயாவே மொளைக்குது. இப்ப காதும் போச்சுன்னா, அதுவும் என் தலைலதான். கேக்கும்னு நீ சொன்ன அன்னிக்குத்தான் நான் நிம்மதியா சோறு துன்னேன்."

இதற்கு மேல் எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் மாதிரி பேசினால் அது இன்னொரு பொய்யாகும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"அம்மா, என் பாட்டுக்கு இதுவரைக்கும் எந்தக் குழந்தையும் அழாமத் தூங்கினது இல்ல."

"ஏன், அவ்ளோ மோசமாவா பாடுவ?"

"பாடட்டுமா?"

"பாடு பாக்கலாம்."

ஜவுளிக்கடை மாடிப்படியில் நின்று பாடினேன். "மந்தவெளீ... அடையாறூ... திருவான்மியூர்..." படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. தோழி சோற்றுக் கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "யப்பா! எறங்கின சோறும் மேல வருது, நிறுத்துண்ணா!" மேல் மாடியிலிருந்து செக்யூரிட்டி எட்டிப் பார்த்து, "யார்யா அது, கடைக்குள்ள வந்து ஆட்டோக்கு ஆள் ஏத்துறது?" என்று கத்தினார்.

சுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கண்ணில் தண்ணீர் மட்டும் நின்றது.

"இத்தக் கேட்டுக்கினா தூங்கினான்?"

"ஆமாம்மா."

"கேட்டிருந்தா தூங்கியிருக்க மாட்டான்."

அதை நான் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். டிபன் பாக்ஸை மூடினாள். "நாளைக்கு வரேண்ணா. எங்க வூட்டுக்காரரையும் இட்டாரேன்."

நேராகச் சென்டருக்குப் போனேன். "மேடம், அர்த்தம் எனக்குத் தெரியாது. பாத்ததை மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்து, வெளுத்த தோல், இரண்டு மொட்டை, வெள்ளை முடி, அம்மாவின் மருதாணி, அம்மாவின் இடது காது என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொட்டை மட்டும் போடாம வந்திருந்தா எனக்கே அன்னைக்குத் தோணியிருக்கும்" என்றார்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவர் பெயிண்டர். முடியிலும் புருவத்திலும் வெள்ளைப் பெயிண்ட் புள்ளி. உட்காருவதற்கு முன்பே, "எங்க வகைல யாருக்கும் இந்த மாரி இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மேடம் என்னைப் பார்த்து, "இன்னைக்குப் பாடுங்க அண்ணா. சத்தமாவே பாடுங்க" என்றார்.

பாடினேன். பெயிண்டர் பதறி எழுந்தார். கவின் என் நெஞ்சில் கன்னத்தை அழுத்திச் சுகமாகத் தூங்கினான். இந்தத் தடவை மெஷின் ஒழுங்காக ஓடியது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார் மேடம். நரம்பின் பதில் இல்லாமல் கோடு நேராகவே போனது. இரண்டு காதிலும். சுமதிக்கு மேடம் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது.

"அண்ணன் பாட்டை அவன் காதால கேக்கல" என்றார் மேடம் மெதுவாக. "நெஞ்சு அதிருதே, அதைக் கன்னத்தால கேட்டான். பிடிச்சிருந்தது, தூங்கிட்டான்."

அப்புறம் ஒரு ஸ்கேல் எடுத்துக் கவினின் இரண்டு கண்ணுக்கும் நடுவே அளந்தார். சுமதியின் முகத்திலும் அளந்தார். சுமதிக்கும் காது டெஸ்ட் எடுத்தார். இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை, வலது காது அருமை. கடைசியில், "முன் முடியைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்றார். சுமதி புருஷனைப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு வகிட்டை விரித்துக் காட்டினாள்.

"கண்ணுக்கும் தோலுக்கும் முடிக்கும் நிறம் குடுக்குற செல்கள்தான் உள் காதுலயும் வேலை செய்யுது" என்று விளக்கினார் மேடம். "பிறவியிலேயே அது சில இடத்துக்குப் போய்ச் சேராம விட்டுப்போயிருக்கலாம். அபூர்வமா வர்றது. வார்டன்பர்க் சிண்ட்ரோம்னு பேரு; கண்ணு ரெண்டும் தள்ளி இருக்கான்னு அளந்ததும் அதுக்குத்தான். இது என் சந்தேகம்தான். மரபணு டாக்டர் பாத்து, ரெண்டு பேர் ரத்தத்தையும் பரிசோதிச்சாத்தான் உறுதி."

கவனித்தீர்களா? இவ்வளவு படித்தவர். எல்லாம் கண் முன்னால் இருக்கிறது. அப்போதும் "சந்தேகம்தான்" என்றார். நான் ஒரு பாட்டை வைத்துத் தீர்ப்பே சொல்லியிருந்தேன்.

பெயிண்டர் தொண்டையைச் செருமினார். "அப்ப இவளாலதான் வந்துச்சுன்னு சொல்லுங்க."

"இவங்க வழியா வந்திருக்கலாம். இவங்க செஞ்சதில்ல. இவங்க என்ன கேட்டு வாங்கினாங்களா? ஒரு காது இல்லாமலேயே ஜவுளிக்கடையில நின்னு உங்க குடும்பத்தைப் பாத்துக்கறாங்க." மேடம் கவினைக் காட்டினார். "இந்தக் கண்ணும் அதே இடத்துலேருந்து வந்ததுதான். ஊரே கண்ணைக் கொஞ்சுதே, அப்ப மட்டும் அது யார் வகைன்னு சொன்னீங்க?"

பெயிண்டர் தலையைச் சொறிந்தார். பெயிண்ட் உதிர்ந்தது. "கண்ணு... எங்க தாத்தா மாதிரின்னு சொல்லிக்கினு இருந்தோம் மேடம்."

சுமதிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அவுங்க தாத்தாவ நான் போட்டோல பாத்துக்கீறேன் மேடம். கரி மாதிரி கண்ணு!" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். டெஸ்ட் முடிவு சொன்ன அறையில் அப்படி எல்லாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரத்த முடிவு வரச் சில வாரம் ஆனது. மேடம் சந்தேகப்பட்டதுதான். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே இடத்தில் ஒரே மாற்றம். சுமதி காகிதத்தை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப மூணாவது மொட்டை?"

"வேண்டுதல் உங்களுக்கும் சாமிக்கும் நடுவுல. அதுல நான் வரமாட்டேன்" என்றார் மேடம். "முடி கறுப்பா வரும்னு மட்டும் போடாதீங்க."

முதலில் காது மெஷின் வைத்துப் பார்த்தார்கள். போதவில்லை. பிறகு ஸ்கேன், அரசாங்கத் திட்டத்தில் காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன். அப்புறம் வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி, நம் சென்டரிலேயே. அந்த நாட்கள் முழுக்க நான் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஆபரேஷன் அன்று பையனின் அப்பாவை விட நான்தான் அதிக தடவை பாத்ரூம் போனேன் என்று ஷகிலா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

கருவி வேலை செய்ய ஆரம்பித்து ஆறேழு மாதம் இருக்கும். ஒரு காலையில் அம்மாவும் பிள்ளையும் ஹாலுக்குள் நடந்து வந்தார்கள். பையனுக்கு முடி நன்றாக வளர்ந்திருந்தது. நடு நெற்றியில் ஒரு கத்தை வெள்ளை முடி எழுந்து நின்றது. சுமதி மருதாணி போடுவதை நிறுத்தியிருந்தாள். அவள் நெற்றியிலும் அதே கத்தை. யாரும் எந்தக் காகிதமும் பார்க்காமல் இது அம்மா, இது பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

மேடம் வெளியே வந்து கதவில் சாய்ந்து நின்றார். "தாமு அண்ணா, பாடுங்க."

கவினைத் தூக்கித் தோளில் போட்டேன். பழைய வழக்கப்படி கன்னத்தை என் நெஞ்சில் வைத்தான். மூச்சை இழுத்து, "மந்தவெளி..." என்றேன். தலையைத் தூக்கினான். "அடையாறு..." என்றேன். என் வாயையே உற்றுப் பார்த்தான். புருவம் சுருங்கியது. "திருவான்மியூர்..." என்று இழுப்பதற்குள் தன் சின்னக் கையால் என் வாயை இறுக்கிப் பொத்தினான்.

"அப்பாடா!" என்றாள் ஷகிலா. "இத்தினி வருசமா நாங்க அல்லாரும் செய்ய நெனச்சத இவன் செஞ்சிட்டான்!"

சுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் பேனாவை எடுத்தார். "என்ன அண்ணா, கேக்குதுன்னு எழுதிக்கட்டுமா?"

நான் அவன் கையை மெதுவாக விலக்கினேன். "அது எனக்குத் தெரியாது மேடம். பாடினேன், வாயைப் பொத்தினான். அவ்வளவுதான் நான் பாத்தது."

சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் பொத்தினான்.